பற்றாசும் அலுமினியமும்: உலோக இணைப்புக் கம்பித் தேர்வும் தமிழ்க் கலைச்சொல் தெளிவும்

ஆய்வுச் சுருக்கம்

அலுமினியப் பொருள்களை வெப்பத்தால் இணைக்க சால்டரிங், பிரேசிங், வெல்டிங் என மூன்று முறைகள் கையாளப்படுகின்றன. தமிழ்ப் பேச்சு வழக்கு இம்மூன்றையும் 'பற்றவைத்தல்' என்னும் ஒரே சொல்லால் சுட்டுகிறது. எழுத்து வழக்கிலும் இம்மயக்கம் பல இடங்களில் தொடர்கிறது. முறை மாறினால் நிரப்பும் கம்பி மாறும். கம்பி தவறினால் இணைப்பு வெடிக்கும், அரிக்கப்படும், சில வேளைகளில் உணவையும் நஞ்சாக்கும். எனவே இச்சொல் மயக்கம் தொழில் மயக்கமாகவும் ஆகிறது. அலுமினியத்துக்கான கம்பித் தேர்வின் அறிவியல் அடிப்படையை இக்கட்டுரை விளக்குகிறது. காஞ்சிபுரம் போன்ற கைத்தொழில் நகரின் பயன்பாடுகளோடு அதனைப் பொருத்திக் காட்டி, மூன்று முறைகளையும் பிரித்துணர்த்தும் கலைச்சொற்களைப் பரிந்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: அலுமினியம், பற்றாசு, இளக்கி, நிரப்புக் கம்பி, வன்பற்றவைப்பு, உருக்கிணைப்பு, கலைச்சொல்லாக்கம்.

முன்னுரை

காஞ்சிபுரம் பட்டுக்கும் கோயிலுக்கும் பெயர் பெற்ற நகரம். அவ்விரண்டையும் சார்ந்து அங்கு உலோகத் தொழில்களும் நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றன. பொன், வெள்ளி, செம்பு, பித்தளை ஆகியவற்றைக் கையாளும் கைவினைஞர்களிடம் உலோகத்தை இணைக்கும் அறிவு தலைமுறை தலைமுறையாக வந்துள்ளது. அலுமினியமோ இந்த மரபுக்குள் பிந்தி நுழைந்த உலோகம். அன்னதானக் கூடத்து அண்டா, குளிர்சாதனக் கருவியின் குழாய், இருசக்கர வண்டியின் எஞ்சின் உறை, கதவு, சன்னல் சட்டகம், ஏணி என அது இன்று எங்கும் நிறைந்துள்ளது. காஞ்சிபுரம் மாவட்டத்தின் திருப்பெரும்புதூர் வட்டாரத்தில் 1990களின் இறுதியில் கார் உற்பத்தி தொடங்கியபின், அலுமினிய இணைப்பு அம்மாவட்டத்து இளைஞர்களின் வேலைவாய்ப்போடு நேரடித் தொடர்பு கொண்ட திறனாகவும் ஆகிவிட்டது.

தமிழ்நாட்டில் 2010ஆம் ஆண்டு முதல் பொறியியல் பட்டப்படிப்பின் கட்டட, இயந்திரவியல் பிரிவுகள் தமிழ் வழியிலும் கற்பிக்கப்படுகின்றன. தொழிற்பயிற்சி நிலையங்களில் வெல்டர் பிரிவு மாணவர் பலர் தமிழிலேயே பாடத்தைப் புரிந்துகொள்கின்றனர். இந்நிலையில், 'அலுமினியத்தைப் பற்றவைக்க எந்த ராடு வேண்டும்?' என்ற எளிய வினாவுக்குத் தமிழில் தெளிவான விடை சொல்ல இயலுமா என்பது மொழியியலாளரும் எண்ண வேண்டிய ஒன்றாகும்.

1. ஆசு, பற்றாசு, பொடி: சொல் மரபு

தமிழில் உலோக இணைப்புப் பொருளுக்குப் 'பற்றாசு' என்ற பழஞ்சொல் உண்டு. இதன் பிற்பகுதியாகிய 'ஆசு' யாப்பிலக்கணத்திலும் இடம்பெற்றுள்ளது. நேரிசை வெண்பாவில் முதற்குறளின் இறுதியும் தனிச்சொல்லும் இயையாதவிடத்து, ஓரசையோ ஈரசையோ இடையிட்டு அவற்றைப் பொருத்துவர். அவ்வாறு பொருத்தப்பட்டது 'ஆசிடை நேரிசை வெண்பா' எனப்படும். உலோகத் துண்டுகளை இணைக்க இடையில் இடப்படும் பற்றாசோடு இதனை ஒப்பிட்டு விளக்குவது யாப்பிலக்கண உரை மரபு. பொற்கொல்லர் வழக்கில் இப்பொருள் 'பொடி' எனப்படுகிறது. 'பொடி வைத்து ஊதுதல்' என்பது தொழில் வழக்கு. 'பொடி வைத்துப் பேசுதல்' என்பது அதையொட்டிய உலக வழக்கு.

இவ்வழக்குகளில் மூன்று கருத்துகள் உள்ளடங்கியுள்ளன. முதலாவது, இணையும் இரு துண்டுகளுக்கு இடையே மூன்றாவதாக ஒரு பொருள் இடப்படுகிறது. இரண்டாவது, அம்மூன்றாம் பொருள் தாய் உலோகத்தைவிடக் குறைந்த வெப்பத்தில் உருகுகிறது. மூன்றாவது, தாய் உலோகம் உருகுவதில்லை. பொன்னோடு செம்பும் வெள்ளியும் சேர்த்து அதன் உருகுநிலையைத் தாழ்த்திப் பொடி செய்யும் கொல்லர், தாய் உலோகத்தின் உறவான ஒரு கலவையையே பற்றாசாகத் தேர்கிறார். இந்த அறிவு அலுமினியத்துக்கும் பொருந்தும்.

இம்மூன்று கருத்துகளும் சால்டரிங்கிற்கும் பிரேசிங்கிற்கும் பொருந்துகின்றன. வெல்டிங்கிற்கு மூன்றாவது கருத்து பொருந்தாது. அங்குத் தாய் உலோகத்தின் விளிம்புகளும் உருகிக் கம்பியோடு கலந்து உறைகின்றன. ஆகவே வெல்டிங்கைப் 'பற்றவைத்தல்' என்று சொல்லும்போது, பற்றாசு என்னும் சொல் காத்துவந்த வேறுபாடு மறைந்துவிடுகிறது.

2. அலுமினியத்தின் வருகையும் தறையாணியும்

மின்னாற்பகுப்பு வழியாக அலுமினியத்தை மலிவாகப் பிரிக்கும் முறை 1886ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது. பன்னிரண்டே ஆண்டுகளில் அவ்வுலோகம் சென்னையில் பாத்திரமாக வடிவெடுத்தது. 1898ஆம் ஆண்டு சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கினார். அம்முயற்சி வெற்றி பெற்று, 1903இல் இந்தியன் அலுமினியம் கம்பெனியின் கைக்கு மாறியது. பின்னர், 1965ஆம் ஆண்டு மேட்டூரில் மெட்ராஸ் அலுமினியம் நிறுவனம் உற்பத்தியைத் தொடங்கியபோது, தமிழ்நாட்டு மலைகளில் கிடைத்த பாக்சைட்டிலிருந்தே உலோகம் பிரிக்கும் நிலை உருவாயிற்று.

அலுமினியப் பாத்திரங்களின் அமைப்பை உற்றுநோக்கினால் ஓர் உண்மை புலப்படும். உடல் ஒரே தகட்டிலிருந்து அழுத்தியோ சுழற்றியோ வடிக்கப்படுகிறது. கைப்பிடி தறையாணியால் பொருத்தப்படுகிறது. செம்பு, பித்தளைப் பாத்திரங்களில் மூட்டுவாயைப் பற்றாசால் இணைக்கும் வழக்கம் இருந்தும், அது அலுமினியத்தில் இடம்பெறவில்லை. இவ்வுலோகத்தைக் கொல்லரின் பழைய முறைகளால் இணைக்க முடியாது என்பதே அதற்குரிய தொழில்நுட்பக் காரணம். ஆர்கான் வாயுக் காப்பில் டங்ஸ்டன் மின்முனையால் உருக்கும் முறை 1940களில் வளர்ந்த பிறகே அலுமினிய வெல்டிங் பரவலாகக் கைகூடியது. பட்டறைகளில் இம்முறை இன்று 'ஆர்கான் வெல்டிங்' என வழங்குகிறது.

3. பழைய இளக்கிகள் பயன்படாமை

இணைப்பிடத்திலுள்ள ஆக்சைடைக் கரைத்து நீக்கும் பொருள் இளக்கி எனப்படும். பொற்கொல்லருக்கு வெங்காரமும், பாத்திரத்துக்கு ஈயம் பூசுவோருக்கு நவச்சாரமும் இளக்கிகள். இவை இரண்டும் அலுமினியத்தில் பயன்படாமைக்குக் காரணம் அவ்வுலோகத்தின் இயல்புகளில் உள்ளது.

முதல் இயல்பு ஆக்சைடுப் படலம். அலுமினியத்தின் உருகுநிலை 660 டிகிரி செல்சியசு. அதன் ஆக்சைடின் உருகுநிலை 2000 டிகிரிக்கும் மேல். சில நானோமீட்டர் தடிப்பே உடைய இப்படலம் சுரண்டிய உடனே மீண்டும் தோன்றிவிடும். அடியில் உலோகம் உருகினாலும் மேலே படலம் உறையாக நின்று, இரு உருகல்களும் கலப்பதைத் தடுக்கும். வெங்காரமோ 743 டிகிரியில்தான் உருகும். அஃதாவது, இளக்கி வேலை தொடங்குமுன் அலுமினியமே உருகிவிடும். உருகிய வெங்காரமும் அலுமினிய ஆக்சைடைப் போதிய அளவு கரைப்பதில்லை. நவச்சாரம் செம்பு, பித்தளை ஆகியவற்றின் ஆக்சைடை நீக்க வல்லது. அலுமினியப் படலத்தின்முன் தனித்து நின்று அது பயன் தராது.

இப்படலத்தின் மற்றொரு முகத்தைக் காஞ்சிபுரத்துப் பட்டுச் சாயத்தொழிலில் காணலாம். பட்டு நூலின் இயற்கைப் பசையை நீக்க, சவர்க்காரமும் சலவைச் சோடாவும் கலந்த நீரில் அதனைக் கொதிக்க வைப்பர். காரத்தன்மை கொண்ட அந்நீர் அலுமினியத்தின் ஆக்சைடுப் படலத்தைக் கரைத்து உலோகத்தையும் அரித்துவிடும். ஆதலால் அப்பணிக்கு அலுமினிய அண்டா பொருந்தாது. உலோகத்தைக் காப்பதும் இணைப்பைத் தடுப்பதும் ஒரே படலமே.

இரண்டாம் இயல்பு வெப்பக் கடத்தல். அலுமினியம் சாதாரண எஃகைவிட நான்கைந்து மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்துகிறது. எனவே சூடு இணைப்பிடத்தில் தங்குவதில்லை. மூன்றாம் இயல்பு விரிவு. சூட்டில் அது எஃகைப்போல் ஏறத்தாழ இருமடங்கு விரியும். உறையும்போது அதற்கேற்பச் சுருங்கி வெடிப்புக்கு இடம் தரும். நான்காவது, உருகுமுன் அது செந்நிறம் காட்டுவதில்லை. இரும்பின் நிறத்தைப் பார்த்துச் சூட்டை அளவிடப் பழகிய கண் இங்கு ஏமாறும். ஐந்தாவது, உருகிய அலுமினியம் ஐதரசனை மிகுதியாகக் கரைத்துக்கொண்டு, உறையும்போது வெளியே தள்ளும். அவ்வாறு வெளியேற இயலாத வாயு இணைப்பினுள் நுண்துளைகளாகத் தங்கும். ஈரம், எண்ணெய், அழுக்கு ஆகியவையே அவ்வைதரசனின் ஊற்று. கம்பியை ஈரமின்றி மூடிவைக்க வேண்டும் என்ற விதி இதிலிருந்து பிறக்கிறது.

4. மென்பற்றவைப்பு: 450 டிகிரிக்குக் கீழ்

நிரப்புலோகம் 450 டிகிரிக்குக் கீழ் உருகினால் அது சால்டரிங். இதனை மென்பற்றவைப்பு எனலாம். அலுமினியத்துக்கு இதில் இருவகை நிரப்புகள் முதன்மையானவை.

வெள்ளீயம் 91 விழுக்காடும் துத்தநாகம் 9 விழுக்காடும் கொண்ட கலவை 199 டிகிரியில் உருகும். குறைந்த சூடு போதும் என்பதால் மெல்லிய பகுதிகளுக்கு இது ஏற்றது. ஆனால் ஈரம் படும் இடத்தில் வெள்ளீயம் மிகுந்த நிரப்புக்கும் அலுமினியத்துக்கும் இடையே மின்வேதி அரிப்பு நிகழ்ந்து இணைப்பு பிரியக்கூடும். மின்னணுச் சாதனங்களில் பழகிய வெள்ளீய-காரீயக் கம்பிக்கும் இக்குறை உண்டு.

இரண்டாவது, துத்தநாகம்-அலுமினியக் கலவை. அலுமினியம் 2 முதல் 5 விழுக்காடு வரை உள்ள இக்கம்பிகள் 380 டிகிரியை ஒட்டி உருகுகின்றன. வெள்ளீயக் கலவையினும் இவை வலிமை மிக்கவை. அரிப்பையும் கூடுதலாகத் தாங்கும். 'அலுமினியப் பழுது ராடு' என்ற பொதுப்பெயரில் விற்கப்படும் கம்பிகளுள் பல இவ்வகையின. இளக்கியின்றிப் பயன்படுத்தும்போது, சூடேறிய பரப்பில் உருகிய நிரப்பைத் துருப்பிடிக்கா எஃகுத் தூரிகையால் தேய்த்துப் படலத்தை உடைக்க வேண்டும். கம்பியைத் தீச்சுடரில் காட்டி உருக்கிச் சொட்டவிட்டால் அது படலத்தின்மேல் படிந்து நிற்குமேயன்றி உலோகத்தில் பற்றாது. தாய் உலோகத்தின் சூடே கம்பியை உருக்க வேண்டும்.

குளிர்சாதனக் கருவிகளில் அலுமினியக் குழாயும் செம்புக் குழாயும் சந்திக்கும் இணைப்பு தனிக் கவனத்துக்குரியது. அலுமினியமும் செம்பும் சேர்ந்த ஒரு குறிப்பிட்ட கலவை 548 டிகிரியிலேயே உருகும். அச்சூட்டைத் தாண்டினால் இணைப்பிடத்தில் செம்பு கரைந்து, நொறுங்கும் தன்மையுடைய சேர்மங்கள் உருவாகும். ஆதலால் அதற்குக் கீழ் வேலை செய்யும், இளக்கியை உள்ளடக்கிய துத்தநாகம்-அலுமினியக் கம்பி இங்குப் பொருந்தும்.

5. வன்பற்றவைப்பு: 450 டிகிரிக்கு மேல், தாய் உலோகம் உருகாமல்

நிரப்புலோகம் 450 டிகிரிக்கு மேல் உருகியும் தாய் உலோகம் உருகாதிருந்தால் அது பிரேசிங். இதனைப் 'பித்தளைப் பற்றவைப்பு' என மொழிபெயர்ப்பது அலுமினியத்தைப் பொறுத்தவரை பிழையான பொருளைத் தரும். பொதுவான பித்தளைகள் 900 டிகிரியை ஒட்டியே உருகுகின்றன. அதற்கு வெகுமுன்னரே அலுமினியம் உருகிவிடும். எனவே வன்பற்றவைப்பு என்ற சொல்லே பொருத்தமானது.

இங்குப் பயன்படும் நிரப்பு அலுமினியம்-சிலிக்கன் கலவை. அலுமினியத்தோடு சுமார் 12 விழுக்காடு சிலிக்கன் சேர்ந்தால் உருகுநிலை 577 டிகிரியாகத் தாழ்கிறது. பொன்னுக்குப் பொன்னுறவான பொடியைத் தேர்ந்த கொல்லரின் நெறியே இதுவும். 4047 என்ற எண்ணுடைய கம்பி 577 முதல் 582 டிகிரிக்குள் உருகி, நன்கு ஓடி, நுண்புழை விசையால் இடுக்குக்குள் ஏறிவிடும். மாங்கனீசு கலந்த 3003 என்ற தாய் உலோகம் 643 டிகிரியில் உருகத் தொடங்குகிறது. இடைவெளி அறுபது டிகிரி மட்டுமே. செந்நிறமும் காட்டாத உலோகத்தில் இவ்விடைவெளிக்குள் சூட்டை நிறுத்துவதுதான் இம்முறையின் அருமை.

இதற்கு இளக்கியே வழிகாட்டும். பொட்டாசியம் ஃபுளூரோ அலுமினேட் வகை இளக்கி 565 முதல் 572 டிகிரிக்குள் உருகித் தெளிந்த நீர்போல் பரவும். அந்நிலை கம்பியைத் தொடும் தருணம் வந்துவிட்டதைக் காட்டும். இவ்விளக்கியின் எச்சம் அலுமினியத்தை அரிப்பதில்லை. பழைய குளோரைடு இளக்கிகளின் எச்சமோ ஈரத்தை ஈர்த்து உலோகத்தை அரிக்கும். சுடுநீரில் முற்றிலும் கழுவப்பட வேண்டும். கழுவ இயலாத மூடிய குழாயினுள் அதனைப் பயன்படுத்தலாகாது.

ஒரு வரம்பும் உண்டு. தாய் உலோகத்தில் மக்னீசியம் மிகுந்தால் ஃபுளூரைடு இளக்கி வலுவிழக்கும். எனவே 5052, 5083 போன்ற மக்னீசியக் கலவைகளை இம்முறையில் இணைப்பது ஏறத்தாழ இயலாதது. தூய அலுமினியம், 3003, மக்னீசியம் குறைந்த 6063 ஆகியவை எளிதில் இணையும். கார்களின் அலுமினிய வெப்பமாற்றிகளில் சிலிக்கன் மிகுந்த மெல்லிய மேலடுக்கு தகட்டிலேயே பூட்டப்பட்டிருக்கும். நைட்ரசன் நிறைந்த உலையில் அவ்வடுக்கு மட்டும் உருகி, நூற்றுக்கணக்கான இணைப்புகளை ஒரே வேளையில் முடித்துவிடுகிறது. அங்குக் கம்பியே இல்லை. பற்றாசு தகட்டோடு பிறந்தது.

6. உருக்கிணைப்பு: கம்பி எண்களைப் படித்தல்

தாய் உலோகமும் உருகிக் கலக்கும் வெல்டிங்கை உருக்கிணைப்பு எனலாம். கம்பி உறையில் 'ஈஆர் 4043' என்பதுபோல் அச்சிடப்பட்டிருக்கும். முன்னெழுத்துகள் அக்கம்பி மின்முனையாகவும் கையால் ஊட்டும் கோலாகவும் பயன்படும் என்பதைக் குறிக்கும். நான்கிலக்க எண்ணின் முதல் இலக்கம் உலோகக் குடும்பத்தைக் காட்டும். 1 என்பது தூய அலுமினியம், 2 செம்பு, 3 மாங்கனீசு, 4 சிலிக்கன், 5 மக்னீசியம், 6 மக்னீசியமும் சிலிக்கனும், 7 துத்தநாகம். தாய் உலோகத்துக்கும் கம்பிக்கும் இதே எண்முறை பொருந்தும்.

தாய் உலோகத்தின் எண்ணையே கம்பிக்கும் தேர்ந்தால் போதும் என்று தோன்றலாம். கதவுச் சட்டகத்துக்கும் கட்டுமானத்துக்கும் மிகுதியாகப் பயன்படும் 6 வரிசையில் அவ்வாறு செய்தால் இணைப்பு வெடிக்கும். உறையும் உலோகத்தில் இறுதியாக எஞ்சும் திரவம் மெல்லிய படலமாக மணிகளுக்கிடையே நிற்கும்போது சுருக்க விசை அதனைக் கிழித்துவிடும். இவ்வெடிப்பு நாட்டம் கலவையின் அளவைப் பொறுத்தது. சிலிக்கன் ஒரு விழுக்காட்டை ஒட்டியும், மக்னீசியம் ஒன்று முதல் இரண்டு விழுக்காடு வரையும் உள்ளபோது அது உச்சம் அடைகிறது. 6 வரிசை அந்த உச்சத்தின் அருகிலேயே நிற்கிறது. சிலிக்கன் 5 விழுக்காடு கொண்ட 4043 கம்பியோ மக்னீசியம் 5 விழுக்காடு கொண்ட 5356 கம்பியோ கலக்கும்போது, இணைப்பின் கலவை உச்சத்தைத் தாண்டி அப்பால் சென்றுவிடும். இங்கு இடைவெளியை நிரப்புவதோடு கலவையைத் திருத்துவதும் கம்பியின் பணியாகிறது. கம்பியின்றி விளிம்புகளை மட்டும் உருக்கி இணைப்பது 6 வரிசையில் ஏன் தோல்வியுறும் என்பதும் இதனால் விளங்கும்.

4043, 5356 ஆகிய இரண்டுள் எதைத் தேர்வது என்பதை நான்கு நோக்கில் முடிவு செய்யலாம்.

அ. ஓட்டமும் வெடிப்பின்மையும் முதன்மையாயின் 4043. வார்ப்புப் பொருள்களுக்கும் இதுவோ 4047-ஓ பொருந்தும்.

ஆ. இணைப்பின் வலிமையும் வளையும் தன்மையும் முதன்மையாயின் 5356.

இ. பின்னர் அனோடைசு செய்யப்படும் பொருளாயின் 5356. 4043 இட்ட இடம் அனோடைசு செய்தபின் கருஞ்சாம்பல் நிறக் கோடாகத் தெரியும்.

ஈ. தொடர்ந்து 65 டிகிரிக்கு மேல் சூடாகும் பொருளாயின் 5356 கூடாது. மக்னீசியம் 3 விழுக்காட்டுக்கு மேற்பட்ட கலவைகள் அச்சூட்டில் நீடித்திருந்தால் தகைவு அரிப்பு வெடிப்புக்கு ஆளாகும்.

எதிர்த்திசையிலும் ஒரு விலக்கு உண்டு. மக்னீசியம் மிகுந்த 5083 போன்ற தாய் உலோகத்துக்கு 4043 கம்பியை இடலாகாது. மக்னீசியமும் சிலிக்கனும் சேர்ந்து நொறுங்கும் சேர்மத்தை உருவாக்கும். அதற்கு 5183, 5356 ஆகியவையே உரியவை. விமான, ஆயுதக் கட்டுமானங்களில் பயன்படும் 7075, 2024 ஆகியவற்றை எந்தக் கம்பி கொண்டும் வில் உருக்கிணைப்பால் நம்பத்தக்க வகையில் இணைக்க இயலாது. அவற்றுக்குத் தறையாணியே வழி. பாத்திரக் கைப்பிடியில் கண்ட அதே தறையாணிதான் வானூர்தி உடலிலும் தொடர்கிறது.

மேலும், தக்க கம்பியைத் தேர்ந்தாலும் பழைய வலிமை முழுவதும் மீளாது. வெப்பப் பதப்படுத்திய 6061 போன்றவற்றில் இணைப்பின் இருபுறமும் சூடு தாக்கிய பகுதி மென்மையடைந்து, வலிமை பாதியளவை ஒட்டிக் குறைகிறது. உடைந்த ஏணியை இணைத்து மீண்டும் ஆளேற்றுவது ஆபத்தாவது இதனால்தான்.

7. தேர்வு நெறி: மூன்று வினாக்கள்

மேற்கண்டவற்றைத் தொகுத்தால், கம்பியைத் தேர்வதற்கு முன் மூன்று வினாக்களுக்கு விடை காண வேண்டும்: தாய் உலோகம் எக்குடும்பம்? இணைப்பு எதைத் தாங்க வேண்டும்? எவ்வகைச் சூடும் தூய்மையும் பட்டறையில் இயலும்?

முதல் வினாவுக்குப் பொருளின் பயன்பாடே பெரும்பாலும் விடை தரும். தகட்டுப் பாத்திரம் தூய அலுமினியமாகவோ 3 வரிசையாகவோ இருக்கும். நீள்சட்டம் 6 வரிசை. எஞ்சின் உறை சிலிக்கன் மிகுந்த வார்ப்பு. ஐயம் எழுமிடத்துத் துப்புரவாக்கிய பரப்பில் ஒரு துளி காஸ்டிக் சோடாக் கரைசலை இட்டுப் பார்க்கலாம். தூய அலுமினியமும் மக்னீசியக் கலவையும் வெண்மையாகவே இருக்கும். சிலிக்கன் மிகுந்தது சாம்பல் நிறம் கொள்ளும். செம்பு மிகுந்தது கறுக்கும். கரைசல் தோலையும் கண்ணையும் எரிக்கவல்லது என்பதால் கையுறையும் கண்காப்பும் இன்றி இச்சோதனையில் இறங்கக் கூடாது.

இரண்டாம் வினாவில் உணவுப் பாத்திரம் தனியிடம் பெறுகிறது. தமிழ்நாட்டுக் கோயில்களில் 2002ஆம் ஆண்டு அன்னதானத் திட்டம் தொடங்கப்பட்டபின் நாள்தோறும் பெருந்திரளுக்குச் சமைக்கும் கூடங்கள் பெருகின. அத்தகைய கூடத்து அண்டாவில் ஓட்டை விழுந்தால் அதனை ஓரிரு நிமிடங்களில் அடைக்கும் பொருட்டுக் கிடைக்கும் கம்பியை உருக்கி வைக்கும் ஆசை எழுவது இயல்பு. ஆயின் கலவை தெரியாத பற்றாசில் காட்மியமோ காரீயமோ இருக்கலாம். இரண்டும் நஞ்சு. காட்மியத்தின் புகை பட்டறைத் தொழிலாளியின் நுரையீரலைத் தாக்கும். இணைப்பில் எஞ்சியது புளிக்குழம்பின் அமிலத்தில் கரைந்து உண்போரைச் சேரும். துத்தநாகக் கம்பியும் உணவின் அமிலத்தில் கரையக்கூடியதே. பாத்திரத்துக்குரிய வழி, இளக்கியின்றி ஆர்கான் காப்பில் 1100 கம்பி கொண்டு உருக்கி இணைப்பது; பாத்திரம் எண்ணெய், கரி நீங்கத் துலக்கப்பட்டிருக்க வேண்டும். அரிப்பால் அடித்தட்டு மெலிந்திருப்பின் அதனை ஒதுக்குவதே முறை. அழுத்தச் சமையற்கலத்தின் உடலை எம்முறையாலும் பழுதுபார்த்து மீண்டும் அடுப்பேற்றலாகாது.

மூன்றாம் வினா பட்டறையின் வசதியைப் பற்றியது. வாயுச் சுடர் மட்டும் உள்ளவிடத்தில் மென்பற்றவைப்பும் வன்பற்றவைப்பும் இயலும். மாறுதிசை மின்னோட்டம் தரும் ஆர்கான் கருவி இருப்பின் உருக்கிணைப்பு இயலும். அம்மின்னோட்டத்தின் ஒரு பாதிச் சுழற்சி ஆக்சைடுப் படலத்தைச் சிதைக்கிறது. எம்முறையாயினும் முதலில் எண்ணெய் நீக்கிப் பின்னரே தூரிகையால் தேய்க்க வேண்டும். வரிசை மாறினால் தூரிகை எண்ணெயை உலோகத்துக்குள் தேய்த்துப் புகுத்திவிடும். எஃகில் பயன்படுத்திய தூரிகையை அலுமினியத்தில் பயன்படுத்தலாகாது.

8. கலைச்சொற் பரிந்துரை

இதுவரை கண்ட வேறுபாடுகள் கீழ்வரும் சொல்லமைப்பைக் கோருகின்றன.

பற்றாசு: தாய் உலோகத்தை உருக்காமல் இணைக்கும் நிரப்புலோகம்.

மென்பற்றவைப்பு: 450 டிகிரிக்குக் கீழ் உருகும் பற்றாசால் இணைத்தல், சால்டரிங்.

வன்பற்றவைப்பு: 450 டிகிரிக்கு மேல் உருகும் பற்றாசால் இணைத்தல், பிரேசிங்.

உருக்கிணைப்பு: தாய் உலோகத்தையும் உருக்கி இணைத்தல், வெல்டிங்.

நிரப்புக் கம்பி: உருக்கிணைப்பில் ஊட்டப்படும் கம்பி. இதனைப் பற்றாசு எனல் பொருந்தாது.

பட்டறை வழக்கில் ராடு, வெல்டிங், ஆர்கான் ஆகிய சொற்கள் வேரூன்றிவிட்டன. அவற்றை அகற்றுவது இப்பரிந்துரையின் நோக்கமன்று. பாடநூலும் செய்முறைக் கையேடும் எழுதுவோர் மூன்று வினைகளுக்கும் ஒரே சொல்லை வழங்காதிருத்தல் வேண்டும் என்பதே நோக்கம். 'பற்றவைத்த இணைப்பு' என்ற தொடரை மட்டும் படிக்கும் மாணவர் 4047 கம்பியை எந்தச் சூட்டில் நிறுத்துவது என்று அறிய முடியாது. அதே கம்பி வன்பற்றவைப்பிலும் உருக்கிணைப்பிலும் பயன்படுவது. 'வன்பற்றவைப்பு' என எழுதப்பட்டிருப்பின், தாய் உலோகம் உருகக் கூடாது என்ற எச்சரிக்கை அச்சொல்லிலேயே அடங்கியிருக்கும்.

முடிவுரை

அலுமினியத்துக்கான கம்பித் தேர்வு ஆக்சைடுப் படலம், உருகுநிலை இடைவெளி, வெடிப்பு நாட்டம், அரிப்பு ஆகிய நான்கின் அடிப்படையில் அமைகிறது. ஈரம் படாத மெல்லிய இணைப்புக்கு வெள்ளீயம்-துத்தநாகமும், பழுதுபார்ப்புக்கும் செம்போடு சேரும் இணைப்புக்கும் துத்தநாகம்-அலுமினியமும், குழாய் இணைப்புக்கு 4047-உம், தூய அலுமினியப் பாத்திரத்துக்கு 1100-உம், 6 வரிசைக்கு 4043 அல்லது 5356-உம், மக்னீசியம் மிகுந்த 5083-க்கு 5183 அல்லது 5356-உம் ஏற்றவை.

வெங்காரமும் நவச்சாரமும் அலுமினியத்திடம் தோற்றாலும், தாய் உலோகத்துக்கு உறவான, அதனினும் முன்னுருகும் கலவையைத் தேர்க என்ற கொல்லர் நெறி நிலைத்து நிற்கிறது. அந்நெறியைப் பொதிந்து வைத்திருக்கும் 'பற்றாசு' என்ற சொல்லை அதன் துல்லியமான பொருளில் மீட்டெடுப்பது, தமிழ் வழியில் தொழில் கற்கும் மாணவருக்கு நேரடிப் பயன் தரும். தொழிற்பயிற்சிப் பாடநூல்களில் இம்மூன்று முறைகளும் எச்சொற்களால் வழங்கப்படுகின்றன என்பதைத் தொகுத்து ஒப்பிடுவது இத்துறையில் அடுத்து மேற்கொள்ளத்தக்க ஆய்வாகும்.